அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கணினியும் நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் என்னைப் பார்த்தால், யாராவது ஒருவர் பையைத் திறந்து ஒரு கணினியைக் காட்டுவார். "அண்ணே, பின்னால 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு, வீட்டுல சொருகலாமா?" பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். வேலையை விட்டபிறகும் கேள்விகள் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நம் ஊர் கரண்டு என்ன, அவர்கள் ஊர் கரண்டு என்ன?

மலேசியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (கரண்டு நொடிக்கு எத்தனை அலை அடிக்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ்). 2008-க்கு முன்பு ஏட்டில் 240 என்று இருந்தது. இன்றும் என் வீட்டு பிளக்கில் மீட்டரை வைத்தால் 240-ஐ ஒட்டித்தான் காட்டுகிறது. 230-க்கு மேலே பத்து விழுக்காடு வரை அனுமதி உண்டு என்பதால் அதில் தப்பொன்றும் இல்லை. கணக்குப் போடும்போது மட்டும் 240 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தைவானில் 110, 60. ஜப்பான் வேடிக்கையான நாடு: எங்கும் 100 வோல்ட்தான், ஆனால் தோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாக்கா பக்கம் 60. 1890-களில் தோக்கியோக்காரர்கள் ஜெர்மனியின் ஏஇஜி ஜெனரேட்டரை வாங்கினார்கள், ஒசாக்காக்காரர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் வாங்கினார்கள். அன்று பிரிந்தது இன்றுவரை சேரவில்லை. அதனால் நமக்கொரு லாபம்: ஜப்பானில் விற்ற சாமான் பெரும்பாலும் இரண்டிலும் ஓடும்படி செய்யப்பட்டிருக்கும். பின்பக்கத் தகட்டில் "50/60" என்று இருந்தால் வோல்ட்டேஜை மட்டும் கவனித்தால் போதும்.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டேன். இனி பிரச்சினை இல்லையே?

ஸ்டெப்-டவுன் என்பது நம் 240 வோல்ட்டை 120 மாதிரிக் குறைத்துத் தரும் பெட்டி. பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. இந்தப் பக்கம் நொடிக்கு 50 அலை போனால் அந்தப் பக்கமும் 50 அலைதான் வரும். கடைக்காரர் "இது அமெரிக்கா கரண்டு ஆக்கிடும்" என்று சொன்னால், வோல்ட்டைப் பற்றிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 60 ஹெர்ட்ஸ் கணினி இங்கே ஓடாதா?

பெரும்பாலானவை ஓடும். வீட்டுக் கரண்டின் ஹெர்ட்ஸ் கணினிக்குள் மூன்று இடங்களில்தான் வேலை செய்கிறது. ஒன்று, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு. இரண்டு, நேரடியாக ஏசி-யில், அதாவது அலையாக வரும் வீட்டுக் கரண்டில், சுழலும் மோட்டார். மூன்று, கரண்டின் அலையை எண்ணி மணி பார்க்கும் கடிகாரம். உங்கள் பெட்டியில் இந்த மூன்றில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மூன்றுமே இல்லாத பெட்டிக்காக 60 ஹெர்ட்ஸ் கன்வெர்ட்டர் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆப்பிள் II, ஐபிஎம் மாதிரி பிசி எல்லாம் எந்த வகை?

சுவிட்ச்-மோட் பவர் சப்ளை. இவை வரும் ஏசி-யை முதலில் அலையில்லாத டிசி ஆக்கிவிட்டு, பிறகு தாங்களே மிக வேகமான அலையை உண்டாக்கிக்கொள்கின்றன. 50 வந்தாலும் 60 வந்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான். ஆப்பிள் II-வுக்குப் பொறியாளர் ராட் ஹோல்ட் வடிவமைத்த சப்ளை இந்த வகை. அதன் அமெரிக்கத் தகட்டில் 107 முதல் 132 வோல்ட் வரை என்று இருக்கும். ஸ்டெப்-டவுன் போட்டுத் தாராளமாக ஓட்டலாம்.

இந்த வகையில் ஆளைக் கவிழ்ப்பது வோல்ட்தான். பல பிசி சப்ளைகளின் பின்பக்கம் 115/230 என்று சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கும். 115-இல் வைத்தால் உள்ளே வோல்ட்டை இரட்டிப்பாக்கும் வோல்ட்டேஜ் டபுளர் வேலை செய்யும். அந்த நிலையில் நம் 240-ஐக் கொடுத்தால் அங்கே கரண்டைச் சேர்த்துவைக்கும் இரண்டு கெப்பாசிட்டர்களுக்கு 650 வோல்ட்டுக்கு மேல் போகும். இரண்டும் சேர்ந்து 400 தாங்கினால் பெரிது. நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி நடந்தபோது நான் பக்கத்தில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். தீபாவளி வெடி மாதிரி ஒரு சத்தம், வெள்ளைப் புகை, அறை முழுக்க மீன் கெட்ட மாதிரி வாடை. சுவிட்சை 230-க்கு நகர்த்தி, அதன்மேல் ஒரு டேப்பும் ஒட்டிவிடுங்கள்.

பழைய சப்ளைகளில் ரிஃபா என்ற பெயரில் மஞ்சள் நிற, கண்ணாடி போன்ற மேலுறை கொண்ட கெப்பாசிட்டர் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். உறையில் விரிசல் விட்டு ஈரத்தைக் குடிக்கும். பினாங்கில் ஈரத்துக்குப் பஞ்சமா?

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கணினிக்கு என்ன ஆகும்?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு எவ்வளவு காந்தத்தைத் தாங்க வேண்டும் என்பதை, வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. அதே 120-ஐ இங்கே 50-ஆல் வகுத்தால் 2.4. அதாவது இரும்பு இருபது விழுக்காடு கூடுதல் சுமை சுமக்கிறது. தாராளமாக இரும்பு போட்டுச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் என்றால் கொஞ்சம் சூடாகும், கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். செலவு பார்த்துச் செய்ததாக இருந்தால் இரும்பு நிறைந்துபோய், அதற்குமேல் காந்தம் ஏற முடியாமல், கரண்டு பல மடங்காக எகிறும். சுருள் வேகும்.

ஏசி-யை டிசி ஆக்கும் ரெக்டிஃபையருக்குப் பிறகு இருக்கும் கெப்பாசிட்டரும் ஒவ்வொரு அலைக்கும் இடையே இருபது விழுக்காடு கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். வயதான கெப்பாசிட்டர் என்றால் அங்கேதான் ஹம் என்ற இரைச்சல் கிளம்பும்.

சோதிக்க நான் செய்வது: டிரான்ஸ்ஃபார்மரைக் கணினியிலிருந்து கழற்றி, சுமையே இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடவிடுவேன். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுமை இல்லாமலேயே கையை வைக்க முடியாத சூடு என்றால் அதை இங்கே ஓட்டக்கூடாது.

ஒரு தந்திரமும் உண்டு. 120-க்குப் பதில் 100 வோல்ட் கொடுத்தால் 100-ஐ 50-ஆல் வகுக்க மறுபடியும் 2 வந்துவிடும். ஜப்பான் சாமானுக்கென்று விற்கும் 240-க்கு 100 ஸ்டெப்-டவுன் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் அந்தப் பக்கம் வெளிவரும் வோல்ட்டும் ஆறில் ஒரு பங்கு குறையும். 9 வோல்ட் தந்த சுருள் 7.5 தரும். உள்ளே வோல்ட்டை 5-இல் நிறுத்தும் 7805 ரெகுலேட்டர் இருந்தால் அதற்கு எந்த நொடியிலும் குறைந்தது 7 வோல்ட் வந்துகொண்டிருக்க வேண்டும். கணினி முழு வேலையில் இருக்கும்போது ரெகுலேட்டரின் உள்வரும் காலில் அளந்து பாருங்கள். தாங்கினால் நல்லது. தாங்காவிட்டால் 110 கொடுத்துப் பாருங்கள்.

எஸ்-100 என்ற 1970-களின் அட்டை சொருகும் கணினிகள் காலத்துப் பெரிய பெட்டிகள் சிலவற்றில் ஃபெரோரெசொனன்ட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். பக்கத்தில் பெரிய எண்ணெய் கெப்பாசிட்டர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான். அது தன் ஹெர்ட்ஸுக்கென்றே சுருதி கூட்டப்பட்டது. 50-இல் வோல்ட்டே சரியாக வராது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கொரியாவிலிருந்து வந்த பெட்டியில் 220 வோல்ட் என்றுதான் இருக்கிறது. நேராகச் சொருகலாமா?

இதில் ஏமாந்தவர்கள் அதிகம். கொரியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 220 வோல்ட் பக்கம், ஆனால் 60 ஹெர்ட்ஸ். தகட்டில் "50/60" என்று இருந்தால் சொருகுங்கள். "60" மட்டும் இருந்து, உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தால் கணக்குப் போடுங்கள்: 220-ஐ 60-ஆல் வகுத்தால் 3.67. நம் 240-ஐ 50-ஆல் வகுத்தால் 4.8. முப்பது விழுக்காடு கூடுதல். அமெரிக்கப் பெட்டியை ஸ்டெப்-டவுனில் ஓட்டுவதைவிட இது மோசம். எண் பொருந்திப்போவதால் யாருக்கும் சந்தேகமே வராது.

என் அமெரிக்கக் கமடோர் 64-க்கு உள்ளூர் பவர் சப்ளையை மாட்டினேன். ஓடுகிறது, ஆனால் ஒரு புரோகிராமில் கடிகாரம் மெதுவாகப் போகிறது. ஏன்?

முதலில், உள்ளூர் சப்ளையை மாட்டியது நல்ல காரியம். கமடோர் 64-க்கு வெளியிலிருந்து போவது 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி இரண்டுதான். 240 வோல்ட் சப்ளையும் அதையேதான் தரும், ஸ்டெப்-டவுனே வேண்டாம். ஆனால் மாட்டுவதற்கு முன் அந்த 5 வோல்ட்டை அளந்தீர்களா? பழைய கறுப்புச் செங்கல் சப்ளைகளில் ரெகுலேட்டர் கெட்டால் வோல்ட் மேலே ஏறி ரேம் சிப்களைக் கொன்றுவிடும். 5.2-ஐத் தாண்டினால் குப்பைத்தொட்டிதான்.

இனி கடிகாரம். அந்த 9 வோல்ட் ஏசி-யின் அலையைக் கணினியின் சிஐஏ என்ற இரண்டு துணைச் சிப்களும் எண்ணி மணி பார்க்கின்றன. ஆறு அலைக்கு ஒரு பத்தில் ஒரு நொடி என்று எண்ண வேண்டுமா, ஐந்து அலைக்கா என்று சிப்பிடம் சொல்லிவைக்கலாம். சொல்லாவிட்டால் ஆறு என்றே எண்ணும். நம் கரண்டில் ஒரு மணி நேரம் ஆனபிறகு அது 50 நிமிடம் என்று காட்டும். 56334 என்ற முகவரியில் இருக்கும் மதிப்பில் ஏழாவது பிட்டை ஏற்றிவிட்டால், அதாவது அதை 128-உடன் ஆர் (OR) செய்து திரும்பப் போட்டால், முதல் சிப் சரியாகிவிடும். இரண்டாவது சிப்புக்கு முகவரி 56590. பேசிக் மொழியில் வரும் டிஐ டாலர் (TI$) கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது வேறு டைமரைப் பார்த்து ஓடுகிறது. ஒரே கணினிக்குள் இரண்டு கடிகாரம், இரண்டும் வேறு மணி. எங்கள் தாமான் கல்யாண மண்டபம் மாதிரி.

வேறு எந்தக் கணினி இப்படிக் கரண்டைப் பார்த்து மணி பார்க்கும்?

அமிகா 2000. சப்ளையிலிருந்து "டிக்" என்று தனியாக ஒரு கம்பி போகும். போர்டில் ஜே300 என்ற ஜம்பரை (முள்களை இணைக்கும் சின்ன மூடி) மாற்றினால், கரண்டுக்குப் பதில் திரையின் துடிப்பை எண்ணிக்கொள்ளும். நவீன பிசி-யின் ஏடிஎக்ஸ் சப்ளை மாட்டுகிறவர்கள் இதை மறந்துவிட்டு, "போர்டு செத்துவிட்டது" என்று என்னிடம் கொண்டுவருவார்கள். ஜம்பரை நகர்த்திக் கொடுத்துவிடுவேன். காசு வாங்குவதில்லை, ரோத்தி சானாய் வாங்கித் தரலாம்.

பெரிய இனத்தில் பிடிபி-11 என்ற மினி கணினி. அதன் லைன் கிளாக் கரண்டின் ஒவ்வொரு அலைக்கும் ஒருமுறை கணினியைத் தட்டி எழுப்பும். அதில் ஓடிய ஆரம்பகால யூனிக்ஸ் இயங்குதளம் அறுபது தட்டுக்கு ஒரு நொடி என்று எண்ணியது. 50 ஹெர்ட்ஸ் ஊரில் அந்த எண்ணை மாற்றித் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும்.

ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி டிரைவின் வேகம் மாறுமா?

மாறாது. அதன் மோட்டார் டிசி-யில் ஓடுகிறது, நிமிடத்துக்கு 300 சுற்று. ஆனாலும் 50-உம் 60-உம் இங்கே ஒரு குறும்பு செய்யும். நானே மாட்டிக்கொண்டதால் விரிவாகச் சொல்கிறேன்.

பெல்ட் வைத்த பழைய டிரைவைக் கவிழ்த்துப் பார்த்தால், பெரிய சக்கரத்தின் முகத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம் இருக்கும். கறுப்பு வெள்ளைக் கோடுகள். ஒன்றில் 24 கோடு, மற்றதில் 20. பக்கத்தில் பொடி எழுத்தில் 60, 50. சோக் வைத்த பழைய டியூப் லைட்டின் அடியில் டிரைவை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊரில் அந்த லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. சக்கரம் நொடிக்கு 5 சுற்று, 20 கோடு, ஆக நொடிக்கு 100 கோடு. வேகம் சரியாக இருந்தால் 50-க்கான வளையம் அசையாமல் நின்றதுபோல் தெரியும். முன்னே ஓடினால் வேகம் அதிகம், பின்னே நழுவினால் குறைவு. சின்ன ஸ்குரூ டிரைவரால் பாட்-ஐ, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத், திருகி நிறுத்த வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு அமெரிக்க டிரைவின் கையேட்டைப் பார்த்துக்கொண்டு, அதில் படம் போட்டுக் காட்டியிருந்த 60 வளையத்தையே நிறுத்தினேன். அது சுலபத்தில் நிற்கவில்லை. பாட் ஏறக்குறைய முனைவரை போனது. கடைசியில் நின்றதும் ஒரே மகிழ்ச்சி. டிரைவ் ஃபார்மட் செய்தது, எழுதியது, படித்தது. இரண்டு வாரம் கழித்து அந்த டிஸ்க்கை நண்பரிடம் கொடுத்தால் ஒரு செக்டர்கூடப் படிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 100-ஐ 24-ஆல் வகுத்தால் நொடிக்கு 4.17 சுற்று, நிமிடத்துக்கு 250. என் டிரைவ் 250-இல் எழுதி, 250-இல் தானே படித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாட் முனைவரை போகிறதென்றால் நீங்கள் தப்பான வளையத்தைப் பார்க்கிறீர்கள்.

எல்ஈடி விளக்கில் இந்த வேலை நடக்காது, பல விளக்குகள் துடிப்பதே இல்லை. டியூப் லைட் இல்லாத வீடு என்றால், எக்ஸ்டென்ஷன் பிளக்கில் எரியும் சின்ன ஆரஞ்சு நியான் விளக்கு போதும். அறையை இருட்டாக்கிப் பக்கத்தில் வையுங்கள்.

எட்டு அங்குல டிரைவ்?

அது வேறு சங்கதி. ஷுகார்ட் எஸ்ஏ800 போன்றவற்றின் மோட்டார் நேராக ஏசி-யில் ஓடும். நிமிடத்துக்கு 360 சுற்று வேண்டியது, இங்கே 300 ஆகிவிடும். கன்ட்ரோலருக்குப் பிட்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக வரும், எதையும் படிக்காது. அதற்குத் திருகும் பாட் எதுவும் கிடையாது. 50 ஹெர்ட்ஸுக்கென்று வேறு அளவுப் புல்லியும் பெல்ட்டும் விற்றார்கள். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் மோட்டார் பக்கத்துக்கு இருபது விழுக்காடு பெரிய விட்டத்தில் புல்லி கடைந்துகொள்ளலாம். புல்லி மாற்றினாலும் மோட்டார் சுருள் 60-க்குச் செய்ததுதான், ஆகவே மேலே சொன்ன 100 வோல்ட் தந்திரம் இதற்கும் பொருந்தும்.

டெலிடைப் ஏஎஸ்ஆர்-33 என்ற தட்டச்சு முனையம் வைத்திருக்கும் பாக்கியசாலி யாராவது இருந்தால்: அதுவும் மோட்டார்தான், 110 பாட் (baud) என்ற தகவல் அனுப்பும் வேகம் இங்கே 91.7 ஆகிவிடும். பல்சக்கரம் கிடைக்கும்வரை, கணினிப் பக்கம் சீரியல் வேகத்தை 91.7-க்கு இறக்கிவிட்டால் இரண்டும் பேசிக்கொள்ளும்.

அமெரிக்கக் கணினியின் படம் திரையில் நெளிகிறது. மானிட்டர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கணினி நொடிக்கு 60 படம் வரைகிறது, சுற்றிலும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம். வித்தியாசம் 10. ஆகவே படம் நொடிக்குப் பத்து முறை நடுங்கும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். ஒரு மீட்டர் தள்ளி, தரையில் வையுங்கள், பெரும்பகுதி அடங்கிவிடும். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) வகைக் கமடோர் 50.125 வரைவதால் இதே நெளிவு எட்டு நொடிக்கு ஒருமுறை மெதுவாக ஊர்ந்துபோகும், கண்ணுக்கே தெரியாது.

உண்மையான 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால்?

இரண்டு வழி. அமெரிக்காவுக்கென்று செய்த 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பியூர் சைன் (வழவழப்பான அலை தரும்) இன்வெர்ட்டர் வாங்கி, 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டலாம். எனக்குப் பிடித்தது இதுதான். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் இழுப்புக்காக, தேவையைப் போல மூன்று மடங்கு வாட் எடுங்கள். படிக்கட்டு மாதிரி அலை தரும் மலிவான மாடிஃபைட் சைன் வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் கத்தும், கடிகாரம் தாறுமாறாக எண்ணும்.

மற்றது, ஆன்லைன் வகை யூபிஎஸ், அதாவது வரும் கரண்டை டிசி ஆக்கி எப்போதும் புதிதாக அலை உண்டாக்கித் தருவது. பலவற்றின் மெனுவில் வெளியீட்டை 60-க்கு மாற்றலாம். வருவது 230 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், அதற்குப்பின் உங்கள் ஸ்டெப்-டவுன். கணினிக் கடைகளில் விற்கும் சாதாரண யூபிஎஸ் இதைச் செய்யாது, வருவதை அப்படியே அனுப்பும்.

இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ?

240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிளக்கும் நம் மூன்று முள் பிளக்கே. சொருகுங்கள்.

ஸ்டெப்-டவுனில் ஓட்டும்போது பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது.

விலை குறைந்த ஸ்டெப்-டவுன்கள் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே ஒரே சுருள், வீட்டுக் கரண்டிலிருந்து பிரிவு கிடையாது. வெளியே இரண்டு ஓட்டை மட்டும் இருந்தால் எர்த்தும் கிடையாது. கணினியின் மூன்றாவது முள்ளை வெட்டி இதில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். எர்த் உள்ள, இரண்டு சுருள் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கனமாக இருக்கும், கை வலிக்கும், வலிக்கட்டும்.

உள்ளே சிப்பில் "மலேசியா" என்று அச்சடித்திருக்கிறது. அப்படியென்றால் இது நம் ஊர்க் கரண்டுக்குச் செய்ததுதானே?

இதைக் கேட்ட பையனை நான் சிரிக்காமல் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்வியில் ஒரு அழகு இருக்கிறது. இன்டெல் 1972-இல் பினாங்கில் ஆலை தொடங்கியது, ஏஎம்டி-யும் அதே காலத்தில் வந்தது. இங்கே நம் அக்கா, அத்தைமார்கள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பொன் கம்பி பிணைத்த சிப்கள் கப்பலேறிப் போய், ஏதோ ஒரு அமெரிக்கக் கணினிக்குள் உட்கார்ந்து, நாற்பது வருடம் கழித்து லோரோங் கூலிட்டில் வந்து இறங்குகின்றன. சிப்புக்குக் கிடைப்பது 5 வோல்ட் டிசி. சுவரில் என்ன ஹெர்ட்ஸ் ஓடுகிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. அந்தப் பையனின் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைக் காட்டினேன்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உள்ளே சுவிட்ச்-மோட். 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ஸ்டெப்-டவுனைப் பேரம் பேசி வாங்கிக்கொடுத்து அனுப்பினேன், எர்த் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான்.